கொடுமணல் காட்டுக்கு அடியில்

வீடு வாங்கும்போது நீங்கள் என்னென்ன விசாரித்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், போர்வெல் தண்ணீர் உப்பா நல்லதா, மின்வெட்டு எப்படி. இவ்வளவும் கேட்டு முடித்தபின், புரோக்கர் காதில் மட்டும் விழும்படி இன்னொன்றையும் கேட்டிருப்பீர்கள்: "பக்கத்துல சுடுகாடு, இடுகாடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கொங்கு நாட்டில், அதிலும் நொய்யல் கரையில், இந்தக் கேள்விக்கு எந்தப் புரோக்கராலும் நிச்சயமாக "இல்லை" என்று சொல்ல முடியாது. நம்மில் பலர் ஊரில் வைத்திருக்கும் சோளக்காட்டுக்கும் கடலைக்காட்டுக்கும் அடியில், இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் படுத்திருக்க வாய்ப்பு உண்டு. காலாண்டு இதழில் தண்ணீர்க் கட்டணத்துக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் நடுவே இதற்கு எதற்கு இடம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கட்டுரையின் பின்பாதியில் அதற்கு வருகிறேன்.

முதலில் கொடுமணலுக்குப் போவோம். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள சிறிய ஊர். திருப்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போய் நின்றால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். மானாவாரிக் காடு, வேலிமுள், வெயில், அங்கங்கே கிடக்கும் கற்கள். கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை, செல்ஃபி எடுக்கத் தோதான ஒன்றும் இல்லை. அந்தக் கற்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால்தான், அவை கிடக்கிற விதத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். வட்டமாகக் கிடக்கும். வட்டத்துக்குள் சிறு கற்குவியல். சில இடங்களில் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு குத்துக்கல். இப்படிப்பட்ட ஈமக்குழிகள் ஏறத்தாழ 300 அங்கே இருந்திருக்கின்றன.

1961ல் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த வி.என். ஸ்ரீனிவாச தேசிகன் இந்த இடத்தைக் கண்டறிந்து பதிவு செய்தார். முறையான பெரிய அகழாய்வு 1985ல்தான் தொடங்கியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றவர்கள் பல பருவங்கள் அங்கே வெயிலில் நின்றார்கள். பின்னர் 2012லும் 2013லும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ராஜன் மறுபடியும் வந்தார். அதன் பிறகு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் தோண்டியது. உழவுக்காட்டுக்கு அடியில் ஒரு பக்கம் வாழ்ந்தவர்களின் ஊர், அதை ஒட்டியே இன்னொரு பக்கம் இறந்தவர்களின் ஊர், இரண்டும் வெளிவந்தன.

வாழ்ந்தவர்களின் ஊரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள், மணிகள் அறுத்துத் துளையிட்ட பட்டறைகள், நூல் நூற்ற தக்கிளிகள் கிடைத்தன. தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் பேர்போன இடமாகச் சொல்லப்படும் "கொடுமணம்" இதுதான் என்பது அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வியாபாரப் பாதையில் இந்த ஊர் இருந்தது. பக்கத்தில் படியூரில் பெரில் கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத் தாது. இன்றைய திருப்பூரைப் போல அன்றைக்கு ஓர் ஏற்றுமதி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். (நொய்யல் அன்றைக்குக் குடிக்கிற தண்ணீராக ஓடியது என்பது ஒரு வித்தியாசம். கொடுமணலுக்குப் போகிறவர்கள் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்துவிட்டு வந்தால், சாயக்கழிவு ஓர் ஆற்றை என்ன செய்யும் என்பது தெரியும். அது வேறு கட்டுரை.)

இறந்தவர்களின் ஊர்தான் நம் விஷயம்.

அங்கே ஒரு கல்லறையை எப்படிக் கட்டினார்கள் என்று கேளுங்கள். அண்டர்கிரவுண்ட் சம்ப் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலில் ஆள் உயரத்துக்கும் மேலான ஆழத்தில் அகலமாக ஒரு குழி. அடியில் ஒரு பலகைக்கல். நான்கு பக்கமும் நான்கு பலகைக்கற்களை நிறுத்த வேண்டும். சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது. சும்மா பெட்டி போல நிறுத்தினால் வெளியிலிருந்து மண் தள்ளும்போது கற்கள் உள்ளே சரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கல்லின் ஒரு முனையும் அடுத்த கல்லைத் தாண்டி வெளியே நீளும்படி, மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம் தெரியும்படி நிறுத்தினார்கள். மண் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு ஒரு கல் இன்னொன்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாயிரம் ஆண்டு மண்சுமைக்குப் பிறகும் சரியாமல் நிற்கும் கற்பெட்டிகளை அகழாய்வில் பார்த்திருக்கிறார்கள். நம் சம்ப் சுவரில் எத்தனையாவது வருஷத்தில் நீர்க்கசிவு வந்தது என்பதை நிர்வாகக் குழுவினர் சொல்வார்கள்.

இதற்குக் கல்பதுக்கை என்று பெயர். பெரும்பாலும் கிழக்குப் பார்த்த பலகையில் வட்டமாகவோ சரிவகமாகவோ ஒரு துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். அது எதற்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்து உண்டு. உயிர் போய் வருவதற்கான வழி என்பது ஒன்று. அதே குடும்பத்தில் பின்னால் இறந்தவர்களின் எலும்பையும் படையலையும் உள்ளே வைப்பதற்கான வாசல் என்பது மற்றொன்று. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. வாசல் வைத்துக் கட்டியவர்களுக்கு மறுபடி வருகிற எண்ணம் இருந்திருக்க வேண்டும். பெரிய பதுக்கைகளில் குறுக்கே ஒரு கல் நிறுத்தி இரண்டு மூன்று அறைகளாகப் பிரித்தும் இருக்கிறார்கள்.

உள்ளே முழு உடல் கிடப்பது அபூர்வம். வேறிடத்தில் விட்டுவைத்து, பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்து வைப்பதே பரவலான வழக்கம். கூடவே நான்கு கால் வைத்த சாடிகள், கிண்ணங்கள், பிரிமனைகள், இரும்பு வாள், ஈட்டி. உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும் பளபளப்பான பானைகள். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். இந்தப் பானை ஓடு எங்கே கண்ணில் பட்டாலும் கவனியுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு கல்லறையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. கார்னீலியன் என்று நகைக்கடையில் சொல்கிற அதே செந்நிறக் கல். இது கொங்கு நாட்டில் கிடைப்பதல்ல, குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவ்வளவு தூரத்திலிருந்து கல்லை வரவழைத்து, மணியாக அறுத்து, ஒவ்வொன்றிலும் நூல் போகிற அளவு துளை போட்டு, விற்றால் காசாகும் பொருளை, 2,220 எண்ணிக்கையில் மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். இறந்தவர் யாராக இருந்தாலும், வைத்தவர்களுக்கு அவர் மேல் இருந்த மதிப்பு என்ன என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இன்னொரு கல்லறையில் கற்கள் பதித்த வெண்கலப் புலி ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அளவுதான்.

எல்லாருக்கும் கல்பதுக்கை கட்டக் கட்டுப்படியாகியிருக்காது. தமிழகம் முழுக்க இன்னும் எளிய முறையும் இருந்தது: தாழி. மணிமேகலை தன் காலத்தில் வழங்கிய ஐந்து வகை ஈம முறைகளைச் சொல்கிறது. எரிப்பது, வெட்டவெளியில் இடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்பது, தாழியில் வைத்துக் கவிப்பது. புறநானூற்றில் ஒரு பெண் குயவனிடம் பேசுகிற பாட்டு உண்டு. கணவன் வழியில் இறந்துவிட்டான். அவனுக்குத் தாழி செய்கிற குயவனிடம், எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். எழுதியவர் பெயர் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டைப் படித்தபோது தாழி என்றால் தயிர் கடைகிற பாத்திரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். உங்கள் வயலில் ஒரு தாழியின் விளிம்பைப் பார்த்தால், அந்தப் பெண் எந்த அளவைச் சொல்லிக் கேட்டாள் என்பது விளங்கும்.

உழவர்களுக்கு இவையெல்லாம் எப்போதும் தெரிந்தே இருந்தன. பேர்தான் வேறு. பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்று "பாண்டவர் குழி" என்றார்கள். "குரங்குப் பட்டறை" என்றார்கள். மதமதக்கத் தாழி என்று ஒரு கதையும் உண்டு. உங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயதாக வயதாகச் சுருங்கி, குரங்குக்குட்டி அளவுக்கு ஆகிவிடுவார்களாம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், ஒரு தாழியில் உட்கார வைத்து, கொஞ்சம் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். தாழிக்குள் எலும்பும் சின்னச் சின்னக் கலயங்களும் இருந்ததைப் பார்த்த யாரோ, தமக்குத் தெரிந்த வகையில் சொன்ன விளக்கம் இது. வெள்ளைக்கார அதிகாரிகளும் இந்தக் கதைகளைக் கேட்டார்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தில் வேலை பார்த்த வால்ஹவுஸ் என்பவர் இங்குள்ள கல்லறைகளைத் திறந்து பார்த்து 1875ல் கட்டுரை எழுதினார்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

இந்தக் கல்லறைகள் இவ்வளவு காலம் எப்படித் தப்பின? யாரும் பாதுகாக்கவில்லை. அரசு வேலி போடவில்லை. விவசாயம்தான் காப்பாற்றியது. நாட்டுக் கலப்பை அரையடி ஆழத்துக்கு மேல் இறங்காது. டிராக்டர் வந்தபிறகு கூடுதலாக இன்னும் சில அங்குலம். பதுக்கையின் மூடுகல் அதற்குக் கீழே நிம்மதியாக இருந்தது. மேலே இருந்த வட்டக்கற்களில் பலவற்றை உழவுக்கு இடைஞ்சல் என்று வரப்பில் எடுத்துப் போட்டார்கள். சிலது கிணற்றுக் கட்டுக்கும் வீட்டுக் கடைக்காலுக்கும் போயிற்று. அது நஷ்டம்தான், ஆனாலும் உள்ளே இருந்தது தப்பியது. காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்டு மாடு மேய்க்க விடும் கொரங்காடுகள் இன்னும் பாதுகாப்பானவை. கொழுக்கட்டைப் புல்லுக்குக் கீழே மண்ணை யாரும் ஆழமாகக் கிளறுவதே இல்லை.

ஜே.சி.பி. அப்படி இல்லை. ஒரு மேட்டைச் சமன் செய்து, மனை பிரித்து, கல் நட்டு, ரோடு போட அதற்குச் சில நாள் போதும். நாம் இருக்கிற இந்தக் கட்டடத்தின் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குத் தோண்டிய ஆழம், ஒரு கல்பதுக்கையை அடியோடு அள்ளி லாரியில் ஏற்றப் போதுமானது. இங்கே அப்படி ஏதும் இருந்ததா? யாரும் பார்க்கவில்லை. அஸ்திவாரத்துக்கு நிரப்பிய கிராவல் எந்த மேட்டிலிருந்து வந்தது என்றும் யாரும் கேட்கவில்லை. ஈமக்காடுகளுக்கு அந்தக் காலத்தில் தேர்ந்தெடுத்தது நல்ல வயலை அல்ல, விளைச்சல் குறைந்த கல்மேட்டையும் சரளை நிலத்தையும்தான். இன்றைக்கு லேஅவுட் போடவும் கிராவல் எடுக்கவும் முதலில் விலைபோவதும் அதே நிலம்தான்.

நம் குடியிருப்பில் பாதிப் பேருக்காவது ஊரில் பங்கு நிலம் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா காலத்து இரண்டு ஏக்கர், அண்ணன் தம்பி பாகம் பிரியாத மேட்டுக்காடு. பார்த்துக்கொள்ள ஆளில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில், நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும். அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? விற்பதற்கு முன் ஒரு தடவை அந்தக் காட்டை நடந்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். உங்களுக்குத் தெரியாவிட்டாலும், குத்தகைக்கு உழுகிறவருக்குத் தெரியும். "அந்த மூலையில மட்டும் சோளம் சீக்கிரம் வாடிப்போகுதுங்க" என்பார். அடியில் பலகைக்கல் இருந்தால் வேர் இறங்காது, ஈரம் நிற்காது, பயிர் முதலில் அங்கேதான் காயும். பழைய குழியில் மண் நிரம்பிய இடத்தில் இதற்கு நேர்மாறாகப் பச்சை கூடுதலாக இருக்கும். வரப்பில் ஒரே அளவில் உருண்டைக் கற்கள் குவிந்திருக்கிறதா, மண்ணிலிருந்து பலகைக்கல்லின் விளிம்பு நேர்கோடாக எட்டிப் பார்க்கிறதா, கறுப்பு-சிவப்பு ஓடு கிடக்கிறதா, விரல் தடிமனுக்குத் தாழி ஓடு கிடக்கிறதா என்று பாருங்கள். காட்டுக்கு ஏதாவது பழைய பெயர் இருந்தால் அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டாவில் சர்வே எண் மட்டும்தான் இருக்கும், பெயர் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது.

ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். பானைக்குள் தங்கம் இருக்கும் என்று நம்பி உடைத்தவர்களால்தான் பாதிக் கல்லறைகள் பாழாயின. எந்தப் பொருள் எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில், எந்தத் திசை பார்த்து இருந்தது என்பதை வைத்துத்தான் அகழாய்வாளர் காலத்தைச் சொல்ல முடியும். வெளியே எடுத்துக் கழுவி வரவேற்பறையில் வைத்த கலயம் வெறும் கலயம். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்து போட்டோ எடுங்கள், போனில் இடத்தைக் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாகவோ நேரடியாகவோ மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

பத்து ரூபாய் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1878ல் வந்த புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை. 1878ல் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அந்த வரம்புக்குள் வராத பொருளே இல்லை.

"சொன்னால் அரசாங்கம் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளாதா?" இதைக் கேட்காதவர்கள் இல்லை. நியாயமான பயம், பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால், 2010ல் திருத்திய சட்டப்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்ட முடியாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டுப் பக்கம் பெருங்கற்கால இடங்கள் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே மனை வாங்கியவர்கள் சிலர் தடையில்லாச் சான்றுக்கு அலைவதும் உண்மை. ஆனால் கண்டெடுக்கிற எல்லா இடமும் அப்படி அறிவிக்கப்படுவதில்லை. கீழடியிலும் கொந்தகையிலும் பட்டா நிலங்களில் உரிமையாளர்களின் சம்மதத்தோடு குழி போட்டுத்தான் அகழாய்வு நடந்தது. வேலை முடிந்ததும் பல குழிகளை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முறையாகப் பதிவு செய்து எடுத்தபின் நீங்கள் விற்றாலும், உள்ளே இருந்தவரின் கதை எங்கோ ஓரிடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். கொந்தகைத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் அந்த மனிதர்களின் முகங்களைக் கணினியில் உருவாக்கி 2025ல் வெளியிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தபோது, "எங்க பெரியப்பா மாதிரியே இருக்காரு" என்று ஒருவர் போட்டிருந்தார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமணலுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம் என்று எண்ணம். வர விரும்புகிறவர்கள் செக்யூரிட்டி மேசையில் இருக்கும் நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதுங்கள். நிழல் அதிகம் இல்லாத இடம், தொப்பியும் தண்ணீரும் அவசியம். குழந்தைகளைத் தாராளமாக அழைத்து வரலாம். உழுத காட்டில் மழைக்குப் பின் மணிகள் மேலே தெரிவதுண்டு. கண்ணில் பட்டால் காட்டுங்கள், எல்லாரும் பார்ப்போம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவோம்.